ஜெபா சொன்ன சாட்சி

என் மகள் ஜெபாவுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே உடம்பெல்லாம் தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். கூடப் பிறந்த வியாதி, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவுக்குத்தான் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. முகத்துத் தோல் இறுகி, கீழ் இமைகளை வெளியே இழுத்துவிட்டது. தூங்கும்போதும் கண் மூடாது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இரும்பாலை. கழுவிக் கவிழ்த்த தட்டில்கூடக் கரித்தூசி படியும். அத்தனையும் அவள் கண்ணில்.

வலது கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்ததும் சென்னைக்கு ஓடினோம். டாக்டர் நர்மதா பார்த்தார். "இப்படியே விட்டா பார்வை போயிடும். வேற இடத்துத் தோலை எடுத்து இமையில வச்சுத் தைக்கணும்."

"என் தோல எடுத்துக்கோங்க மேடம். தொடையில நெறைய கீது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க தோலை அவ உடம்பு ஏத்துக்காதும்மா."

ஜெபாவின் காதுகளுக்குப் பின்னால் மட்டும் தோல் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. அதை எடுத்து வைத்தார். அதுவும் அவள் தோல்தான், மறுபடியும் இறுகலாம் என்று முன்பே சொன்னார். தலையாட்டினேன். மனதில் வாங்கினேனா என்றால், இல்லை.

தையல் பிரித்துத் திரும்பும்போது, மின்சார ரயில் மீஞ்சூர் தாண்டியதும் என் மடியில் தூங்கிவிட்டாள். கண்கள் மூடியிருந்தன. என் கணவர் பென்னி பதறிப்போய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

"தூங்குதுங்க. சும்மா இருங்க" என்றேன். பிறகு இரண்டு பேருமே அழுதோம்.

அடுத்த ஞாயிறு, பாஸ்டர் ஜெயராஜ் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். தேவன் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். ஜெபா மைக்கைப் பிடித்து, "இயேசப்பா எனக்குக் கண்ணு மூடக் குடுத்தாரு, பாருங்க" என்று மூடிக் காட்டினாள். சபையே கைதட்டியது. அவளைத் தொடக் கூசியவர்களெல்லாம் வந்து முத்தம் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் பேரை ஒருவரும் எடுக்கவில்லை. நானும்தான்.

மழைக்காலம் முடிந்ததும் வலது இமை இழுக்கத் தொடங்கியது. மருந்து தடவினேன், சொன்னபடி நீவிவிட்டேன். பொங்கலுக்குள் இரண்டும் பழையபடி ஆகிவிட்டன.

"மறுபடியும் செய்யலாம். ஆனா காதுக்குப் பின்னால இனிமே இடமில்ல" என்றார் டாக்டர்.

வேறு எங்கே எடுப்பீர்கள் என்று கேட்டேன். அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "யோசிக்கிறேம்மா" என்றார்.

காய்ச்சல் என்று பொய் சொல்லி சபைக்குப் போகாமல் இருந்தோம். பாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். குழந்தையைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"விசுவாசம் கொறஞ்சா இப்பிடி ஆவும் சிஸ்டர்."

எனக்கு வந்ததே கோபம்! "அந்த விசுவாசத்த எங்கருந்து எடுத்துத் தைக்கணும்னு சொல்லுங்க பாஸ்டர்" என்றேன். காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அவர் போனதும் ஜெபா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, அன்னிக்கு மைக்ல நான் சொன்னது பொய்யா பூடுச்சா?"

"இல்லடி கண்ணு."

"பொய் சொன்னா இயேசப்பாவுக்குப் புடிக்காதுல்ல. அதான் திருப்பி எடுத்துக்கினாரா? நான் வேணா போயி, கண்ணு மூடலன்னு மைக்ல சொல்லிட்டு வரட்டா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பார்க்கக்கூடாதே என்ற தவிப்பில், "கொஞ்சம் கண்ண மூடிக்கடி" என்று சொல்லித் தொலைத்தேன்.

சொன்ன பேச்சு தட்டாத பெண். முகமெல்லாம் சுருங்க, என்னைப் பார்த்தபடியே மூடப் பார்த்தாள்.