தாரை வார்க்கும் வரை

என் வீட்டுக்காரர் கோவிந்தராசுவுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தன் கஷ்டத்தை யாரிடமும் சொல்ல மாட்டார். இதைவிடக் கெட்ட பழக்கம் உலகத்தில் கிடையாது என்று கட்டிக்கொண்ட எனக்குத்தான் தெரியும்.

மத்தியான நேரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நான் குரோஷா வகுப்பு எடுக்கிறேன். ஊசியைப் பிடிக்கவே தெரியாதவர்களுக்கான வகுப்பு. முதலில் சங்கிலிப் பின்னல், அது கைக்கு வந்ததும் டம்ளருக்கு அடியில் வைக்கிற வட்ட விரிப்பு. வட்டத்துக்குக் கண்ணியை எண்ணி எண்ணிப் போட வேண்டும். எண்ணிக்கை தப்பினால் விரிப்பு குழிந்துபோய்க் குல்லாவாகிவிடும். எல்லோரும் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் இவர் குறுக்கே போவார். எங்கள் வீட்டில் பாத்ரூமுக்கு ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்படி வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி என் கையில் கிடைத்தால் சும்மா விட மாட்டேன்.

"மோட்டாரு போட்டமான்னு பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு போவார். வந்து உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள், "மோட்டார நிறுத்துனமான்னு பாக்கறேன்" என்று மறுபடி கிளம்புவார்.

"டீச்சரக்கா, நான் ஏழுல இருந்தனா எட்டுல இருந்தனா?" என்பாள் கமலம். பாவம், அவள் மூன்றாவது குல்லாவைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

மோட்டார் இல்லை, ஒன்றும் இல்லை. ஆம்பளைகளுக்கு வயசானால் வருகிற அந்தச் சுரப்பி வீக்கம்தான். தொழிற்பேட்டையில் இவருக்குச் சொந்தமாகச் சின்னப் பீங்கான் பொம்மைச் சூளை இருக்கிறது. அங்கே சூளைக்குப் பின்னால் போய்விட்டு வந்தால் கேட்க ஆளில்லை. வீட்டில்தான் மாட்டிக்கொள்வார். டாக்டரிடம் போகலாம் என்று நான் வாயைத் திறந்தால், "எனக்கு இன்னா கேடு? கல்லு மாதிரி இருக்கறேன்" என்பார்.

ஒருநாள் சமையலறையில் மாட்டுக்கொட்டாய் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால், ஊறுகாய் போடுகிற பெரிய பீங்கான் ஜாடி நிறையக் கருப்பாக ஒரு கஷாயம். நாட்டு மருந்துக் கடைக்குப் போய், "தெரிஞ்சவரு ஒருத்தருக்கு நீர்ல கோளாறு" என்று சொல்லியிருக்கிறார். தெரிந்தவராம்! கடைக்காரரும் கல் அடைப்பு என்று நினைத்து நெருஞ்சி முள், மூக்கிரட்டை, சிறுபீளை என்று கட்டிக் கொடுத்துவிட்டார். போதாததற்கு இவர் போனில் எவனோ பேசிய வீடியோவைப் பார்த்து வாழைத்தண்டுச் சாற்றையும் சேர்த்துக்கொண்டார். எல்லாம் நீரை வெளியே தள்ளுகிற சரக்கு. அதைக் காலையில் ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு குடித்துவிட்டு, "இன்னும் கேக்கலையே" என்று கவலைப்பட்டார். ஹாலில் எனக்குக் குல்லாக்கள் குவிந்தன.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே விட்டிருப்பேன். ஆனால் எங்கள் ஒரே மகள் மதிவதனிக்குத் திட்டக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற நேரத்தில் இவர் திடுமென எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். சீர் விஷயத்தில் பெண்ணின் அப்பாவுக்குக் கோபம் என்று மாப்பிள்ளை வீட்டார் வெலவெலத்துப் போனார்கள். சாப்பாட்டில் இவர் இலைக்கு மட்டும் நாலு ஜாங்கிரி விழுந்தது.

இவர் எழுந்து ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தார் இவருடைய அண்ணன் செந்தமிழன். எந்த விசேஷத்திலும் முன்னால் நின்றே பேர் வாங்கியவர். கைகழுவுகிற இடத்தில் பத்துப் பேர் காது கேட்கச் சொன்னார்: "தம்பி, நீ ஒண்ணும் கவலப்படாத. கல்யாணத்துல நானும் ஒங்க அண்ணியும் மணையில ஒக்காந்து தாரை வார்த்துக் குடுத்துடறோம். நீ சும்மா வந்தவங்கள கவனி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் நான், தாரை ஊற்றுவது இன்னொருத்தியா? மணையில் புருஷன் பெண்டாட்டியாகத்தான் உட்கார வேண்டும். இவர் எழுந்தால் நானும் எழுந்தாக வேண்டும். இவர் வெடுக்கென்று ஏதாவது பதில் சொல்வார் என்று பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், "அண்ணனே ஒக்காரட்டும் பூங்கோத" என்றார். "மந்திரம் சொல்ற நேரத்துல பாதியில எழுந்து ஓடுனா ஊரே சிரிக்கும். பொண்ணுக்கு அவமானம்." அந்த மனுஷன் அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. என் கோபமெல்லாம் போய் அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் திரும்பி வந்தது.

"நாளையில இருந்து என் கிளாஸ்ல ஒக்காருங்க" என்றேன். "ஒக்காந்து பழகுங்க."

உட்கார்ந்தார். கையில் குரோஷா ஊசியைக் கொடுத்தேன். கண்ணியை எண்ணுகிற கவனத்தில் மற்றது கொஞ்சம் மறக்கும் என்பது என் கணக்கு. கொஞ்சம் மறக்கவும் செய்தது. டம்ளர் விரிப்புதான் பின்னச் சொன்னேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்து நிற்கிறது.

"இன்னாங்க இது, அண்டாவுக்கா?"

"டம்ளருக்குத்தான். சுருங்கும்ல?"

"எப்படிச் சுருங்கும்?"

அவர் விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பொம்மை செய்கிற கை. சூளையில் வெந்தால் எதுவும் சிறுத்துப்போகும் என்று அச்சையே பெரிதாகப் போட்டுப் பழகிய கை அது. கமலம் சிரித்த சிரிப்பில் அவள் வட்டம் மறுபடி குல்லாவானது.

சிரிப்பு அடங்கியதும்தான் விஷயம் நடந்தது. கமலம் நூலைப் பிரித்துக்கொண்டே, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்டுக்காரருக்கும் இதே மோட்டாருதான்" என்றாள். "டாக்டர்கிட்ட போனாரு, மாத்திர குடுத்தாங்க. இப்ப தியேட்டர்ல இன்டர்வெல் வரைக்கும் அசையாம ஒக்காந்துருக்காரு."

இவர் காது சிவந்துபோனது. அதோடு விட்டதா? என் ஓரகத்தி கண்ணம்மாள் அக்காவும் என்னிடம்தான் பின்னல் கற்கிறாள். செந்தமிழன் மாமாவின் சொந்தப் பெண்டாட்டி. அவள் ஊசியிலிருந்து கண்ணைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: "ஒங்க அண்ணன் மட்டும் இன்னா ஒசத்தி? திட்டக்குடி பஸ்ஸுல ஏறுனா பாதி வழியில எறங்கிக்கினு அடுத்த பஸ்ஸுல வராரு. கேட்டா காத்து வாங்க எறங்குனேங்கறாரு. மணையில ஒக்காரப் போறாராம், மணையில!"

இவர் அண்ணியையே பார்த்தார். பிறகு கமலத்தைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் நான் எதுவும் சொல்லாமலே சட்டையை மாட்டிக்கொண்டு, "டாக்டரு எத்தினி மணிக்கு வருவாரு?" என்றார்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார், ரத்தம் சோதித்தார், பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார். நான் ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோயிருந்த கஷாயத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். விவரம் கேட்டுவிட்டு டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏற்கெனவே வாசல் குறுகிக் கெடக்குதுங்க. நீங்க உள்ள கூட்டத்த ஏத்திக்கினே இருந்தா எப்படி? இத மொதல்ல நிறுத்துங்க."

இவர் தயங்கித் தயங்கி, "வீங்குனதச் சுருக்கறதுக்குச் சூடு எதனா குடுக்கலாங்களா?" என்று கேட்டார்.

"ஐயா, தயவுசெஞ்சு சூளைமேல போய் ஒக்காந்துடாதீங்க."

இவர் சட்டென்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். போன மாதம் இவருடைய நல்ல வேட்டியின் பின்பக்கம் பழுப்பேறியிருந்த காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மாத்திரை வேலை செய்தது. ஆனாலும் கல்யாணத்தன்று காலையில் இவர் முகம் வெளிறித்தான் இருந்தது. மணையில் உட்கார்ந்ததும் அங்கவஸ்திரத்துக்குள் கையை விட்டுக்கொண்டார். உள்ளே குரோஷா ஊசியும் ஒரு நூல்கண்டும். மந்திரம் ஒரு பக்கம் ஓட, இவர் உதடு கண்ணியை எண்ணிக்கொண்டிருந்தது. எவ்வளவு பக்தி என்று சம்பந்தியம்மா மெச்சினார்கள். போட்டோக்காரர் மட்டும், "ஐயா, கைய வெளிய எடுங்க, வயித்து வலி மாதிரி தெரியுது" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

அய்யர் அவசரப்படுகிற ஆளில்லை. மூன்று தலைமுறைப் பேரையும் கேட்டு, மறந்து, மறுபடி கேட்டார். மணைக்குப் பின்னால் செந்தமிழன் மாமா பட்டு வேட்டியில் தயாராக நின்றார். தம்பி எப்போது எழுவான், நாம் எப்போது உட்காரலாம் என்று அவர் கால் பரபரத்தது.

பிறகு அய்யர் செம்பை என் கையில் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் உட்காருவதைப் பற்றியே கவலைப்பட்டோம், தாரை வார்ப்பது என்றால் தண்ணீர் ஊற்றுவது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மாப்பிள்ளை கைமேல் மகள் கை, அதைத் தாங்கி இவர் கை. ஊசி மடியில் விழுந்துவிட்டது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு எந்தக் கண்ணியை எண்ணுவது?

சீக்கிரம் முடிக்கலாம் என்று செம்பை ஒரே சாய்ப்பாகச் சாய்த்தேன்.

"அம்மா, மெதுவா! மெல்லிசா விடுங்கோ. தாரை அறுபடக் கூடாது."

மெல்லிசாக விட்டேன். சொளசொளவென்று தாம்பாளத்தில் விழுந்தது. மேளக்காரர்கூட அந்த நேரம் பார்த்து அடிப்பதை நிறுத்தியிருந்தார். மண்டபம் முழுக்க அந்தச் சத்தம்தான். இவர் நெற்றியில் வியர்வை கோத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மகள் முகத்தையே பார்த்தார். வேறெங்கும் பார்க்கவில்லை. நானும் செம்பு காலியாகும்வரை மூச்சு விடவில்லை.

பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. செந்தமிழன் மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தலைத் தாண்டி, பூக்கூடையைத் தட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்தார். "காத்து வாங்கப் போறாரு" என்று கண்ணம்மாள் அக்கா பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னாள்.

இவர் அசையவில்லை. கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, அட்சதை எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியைச் சுற்றிவிட்டு ஆசீர்வாதம் வாங்கக் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். மணையில் இவர் மட்டும் ஈரக் கையை விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிது. எழுந்துரிங்க, போயிட்டு வாங்க" என்றேன் மெதுவாக.

"வரலடி."

"அப்ப சாப்புடவாவது வாங்க."

"இரு பூங்கோத." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தினி நாளா எழுந்துரக் கூடாதுன்னே பயந்துக்கினு கெடந்தேன். இப்ப எழுந்துருன்னா முடியல."

எனக்கும் முடியவில்லை. பந்திக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் மறுபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.