ஒற்றை வினைமுற்று

ஸ்ரீரங்கத்து மைத்ரேயி எழுதிய மென்பொருளை அவள் வேலை பார்த்த கல்லூரியில் எல்லோரும் நம்பினார்கள். அவளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. கட்டுரையை உள்ளே போட்டால், வாக்கியத்துக்கு எத்தனை வினைமுற்று என்று எண்ணி, இலக்கணச் செறிவுக்கு மதிப்பெண் போட்டுவிடும். மாலைநேரப் படிப்பில் சேர்ந்த நூற்றிருபது பேரையும் அதை வைத்துத்தான் பிரித்தார்கள். மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அடிப்படை வகுப்பு.

கடைசி இடம் இருளாயிக்கு. நாற்பது வயது, மணப்பாறைக்காரர், அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அடிப்படை வகுப்பில் இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. வாரம் ஒன்றாகியும் ஆளைக் காணாததால், அப்படி என்னதான் எழுதியிருக்கிறார் என்று மைத்ரேயி கட்டுரையை எடுத்துப் படித்தாள்.

'மணப்பாறையில் பஸ் பிடித்து, திருச்சியில் வண்டி மாறி, அரியமங்கலத்தில் இறங்கி, பட்டறையைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, சாமிக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் டீ குடிப்பேன்.'

விரல் விட்டு எண்ணினாள். ஏழு வேலை, ஒரே வாக்கியம், எங்கும் இடறவில்லை. ஆனால் வினைமுற்று என்று இருந்தது 'குடிப்பேன்' ஒன்றுதான். மற்ற ஆறும் எச்சங்கள். ஆங்கிலத்துக்கான கணக்கை அப்படியே தமிழுக்குப் போட்டவள் அவள்தான்; எச்சத்தை எண்ணச் சொல்லவே இல்லை.

திருத்தி மறுபடி ஓட்டினாள். இருளாயி ஒன்பதாவது இடத்துக்கு வந்தார். முப்பது பேருக்கு வகுப்பு மாறியது. துறைத்தலைவர் லக்ஷ்மிகாந்திடம் போய், தவறு தன்னுடையது என்றாள். பட்டியலை மாற்றிவிடலாம், காரணத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்றார் அவர். மறுநாள் காலை மைத்ரேயி அரியமங்கலத்துக்கு பஸ் ஏறினாள்.

பட்டறை வாசலில் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி இருளாயி எல்லாவற்றையும் கேட்டார்.

“மெஷின் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்னு நெனச்சேன். நமக்கு எழுத வராதுன்னு விட்டுட்டேன்.”

“நான்தாங்க அதுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். மன்னிச்சுடுங்க,” என்றாள் மைத்ரேயி.

இருளாயி கிரீஸ் துடைத்த துணியை மடித்து வைத்தார். பிறகு, தன்னோடு வகுப்பில் இருந்த வியாகுலம்மாளும் நின்றுவிட்டாளே, அவளிடம் யாராவது சொன்னார்களா என்று கேட்டார். மைத்ரேயி தலையை ஆட்டினாள். இல்லை. முப்பது பேரில் அவளும் ஒருத்தி.

அன்று மாலைக்குள் முப்பது பேருக்கும் மைத்ரேயியே போன் செய்தாள். கீழே இறங்கிய சிலர் கோபமாகப் பேசினார்கள், பொறுத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்து லக்ஷ்மிகாந்த் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை இருளாயி வியாகுலம்மாளைக் கூட்டிக்கொண்டு புது வகுப்புக்கு வந்தார். இருவரும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்தார்கள்.