மூணு விரல் உயரம்

"பதினேழு" என்று காருக்கு அடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. நான் எடுத்துக் கொடுத்தது பதினாறு. அந்த ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் சறுக்கிக்கொண்டு திரும்பி வந்து என் கால் கட்டைவிரலில் முட்டியது. பின்னாலேயே, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்ற கேள்வியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்ட வேண்டிய நேரத்தில், என்னைவிட ஆறு வயது மூத்தவளிடம் இப்படித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் ஸ்பேனரைப் பார்க்கவே இல்லை. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் அத்தனை வேலை நடக்கிறது, இரண்டு கால்களும் தூங்குகிற மாதிரி கிடந்தன.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. படிப்பு முடித்த வருஷம் ஏணியிலிருந்து விழுந்தாள். அதைப் பற்றி அவள் பேசுவது இவ்வளவுதான், நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். காரில் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் கம்பி வைத்து, கையாலேயே ஓட்டப் பழகி, லைசென்சும் வாங்கியிருக்கிறாள். ஓட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் பழைய காரின் சீட் அவளுடைய சக்கர நாற்காலியைவிட மூன்று விரல் உயரம். சீட்டிலிருந்து நாற்காலிக்குச் சறுக்கி இறங்கிவிடுவாள். நாற்காலியிலிருந்து சீட்டுக்கு ஏற முடியாது. அக்குளில் ஒரு கையும் முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து நான்தான் தூக்கி வைப்பேன். ஆக, நான் ஏற்றிவிட்டால் அவளால் எங்கே வேண்டுமானாலும் போக முடியும், நான் இல்லாமல் திரும்பி வர முடியாது.

அக்கா துணி வெட்டுகிறவள். வீட்டு முன்னறையில்தான் அவளுடைய மேசையும் கத்திரியும். ஊரின் மறுகோடியில் நாடகங்களுக்கு உடை தைக்கிற ஒரு பட்டறையில் அவளைக் கட்டிங் மாஸ்டராக வரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை சேர வேண்டும். நான் அச்சகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். இருந்தாலும், அழைப்பு வந்த அன்றே, "காலையில கொண்டுபோய் விடுறேன், சாயங்காலம் வந்து தூக்கி வைக்கிறேன்" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வேலை பாக்குற இடத்துல, வாசல்ல நாலு பேர் பாக்க, மூட்டை மாதிரி என்னைத் தூக்கி வைப்பியா? அப்படி ஒரு வேலையே எனக்கு வேணாம்டா."

சொன்னால் செய்கிறவள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். என் அக்கா முயலையே கொண்டுவந்து, எண்ணிக் காட்டி, நம் வாயாலேயே மூன்று என்று சொல்ல வைத்துவிடுவாள். நாற்காலியின் மெத்தையை உயர்த்திப் பார்த்தோம், உட்காரும்போது உடம்பு தடுமாறியது. கதவோரம் பலகை போட்டுப் பார்த்தோம், மேட்டில் சறுக்க முடியவில்லை. கடைசியில் அவள்தான், "ஆளை மாத்த முடியலைன்னா உடுப்பைத்தான் மாத்தணும். வண்டியை இறக்கிடலாம்" என்றாள். அதற்குக் காயிலோவர் என்று ஒரு சாமான் இருக்கிறதாம். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றி ஸ்பிரிங்கும் சேர்ந்தே வரும். உடம்பெல்லாம் மரை. மரையில் இருக்கிற வளையத்தைத் திருகினால் வண்டி உயரும், எதிர்ப்பக்கம் திருகினால் தாழும். அந்தச் சாமான் பெட்டியில் வந்து இறங்கிய அன்று தெருமுனை மெக்கானிக் எட்டிப் பார்த்தார். எல்லாரும் அவரைப் போல்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

"இதெல்லாம் ரேஸ் பசங்க போடுறதும்மா. தூக்கித் தூக்கிப் போடும்" என்றார்.

"போடட்டுமே. இடுப்புக்குக் கீழ எனக்குத் தெரியவா போகுது?"

போல்ட் அண்ணனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. போனவர், ஜாக்கையும் வண்டியைத் தாங்குகிற ஸ்டாண்டுகளையும் தள்ளுவண்டியில் வைத்துத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படித்தான் நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்தோம். வண்டிக்கடியில் படுத்து நகர்கிற சக்கரப் பலகையின் மேல் பஞ்சு மெத்தை விரித்து அவளை இறக்கிப் படுக்க வைத்தேன். மெத்தை சொகுசுக்காக இல்லை. உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தம் பட்டுப் புண்ணானால் அவளுக்குத் தெரியாது. அதனால் அடிக்கடி "புரட்டு" என்பாள், நான் கால்களைப் பிடித்து ஒருக்களித்துவிடுவேன். மற்றபடி அந்தப் பலகையில் அவளைப் பிடிக்க ஆள் இல்லை. பம்பரில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவாள். நான் முட்டி போட்டு, குனிந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே பாதி வேலை முடிந்திருக்கும்.

துருப்பிடித்த போல்ட் ஒன்று மல்லுக்கு நின்றது. சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டேன். "அடிச்சா அதுக்கும் ரோஷம் வரும், விடு" என்று சொல்லி எண்ணெய் விட்டு ஊற வைத்தாள். பிறகு நீளக் கைப்பிடியை மாட்டி மூச்சைப் பிடித்து ஒரு இழு. பொடுக்கென்று விட்டது. வருஷக்கணக்காகத் தன் உடம்பைத் தானே தள்ளிக்கொண்டு திரிகிற தோள்கள் அவை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொன்னால் திட்டுவாள் என்பதால், "பரவாயில்லையே" என்று மட்டும் சொன்னேன்.

பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றினோம். எண்ணெய் கசிந்து, செத்த மீன் மாதிரி இருந்தன. புதியவற்றை மாட்டி, கீழே புஷ் என்கிற ரப்பர் உருளைகள் வழியாகப் போகும் போல்ட்டுகளை எல்லாம் அழுந்த முடுக்கினோம். வளையங்களைத் தையல் டேப்பால் அளந்து அளந்து இறக்கினாள். மத்தியானம் தாண்டி நான்கு சக்கரங்களையும் மாட்டி வண்டியைத் தரைக்கு இறக்கியபோது எனக்குப் பெரிய சாதனை செய்த நினைப்பு. அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். கதவோரம் நகர்ந்து டேப்பை வைத்தாள். இன்னும் ஒரு விரல் உயரம் இருந்தது.

"வளையத்தை இன்னும் கொஞ்சம் இறக்குக்கா."

"கடைசி மரைக்கு வந்தாச்சுடா. இறக்க இனிமே ஒண்ணும் இல்ல."

ஒரு தடவை முயன்று பார்த்தாள். சீட்டில் ஒரு கை, நாற்காலியில் ஒரு கை. உடம்பு எழும்பியது, சீட்டின் விளிம்பில் இடித்து அப்படியே திரும்பி விழுந்தது. நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். "தொடாதே!" என்று கத்தினாள். பிறகு கிரீஸ் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா என்று சொல்ல முடியவில்லை, முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எனக்கு அந்தக் காரைக் கொளுத்திவிடலாமா என்று வந்தது.

அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாம போல்ட் முடுக்குனப்போ சக்கரம் தொங்கிட்டுத்தானே இருந்துச்சு?" என்றாள்.

"ஆமா. வண்டி ஸ்டாண்டு மேல இருந்துச்சு."

"துணியை இழுத்துப் பிடிச்சுத் தைச்சா, கையை விட்டதும் சுருங்கிக்கும். இந்த ரப்பரும் அப்படித்தான்டா. தொங்குற நிலையில கடிச்சுக்கிச்சு. இப்ப வண்டி உக்காரப் பாக்குது, அது முறுக்கிக்கிட்டு விடமாட்டேங்குது. தப்பு என்னுது. எல்லாத்தையும் தளர்த்தணும், வண்டி தன் எடையில நிக்கும்போது."

தப்பு என்னுது என்பதைக் கடைக்காரரிடம் உப்பு கேட்கிற குரலில் சொன்னாள். நானாக இருந்தால் சாமான் விற்றவனிலிருந்து போல்ட் அண்ணன் வரைக்கும் ஒரு ரவுண்டு ஏசிவிட்டுத்தான் அடுத்த வேலை. காலையிலிருந்து செய்ததில் பாதியைப் பிரிக்க அவள் மறுபடி பலகையில் படுக்கத் தயாராக இருந்தாள். அவளைப் பார்த்து நான் வியந்த இடங்கள் நிறைய உண்டு. அன்றைக்கு அந்த நிமிஷம் அவற்றில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது.

சக்கரங்களுக்கு அடியில் கனத்த மரக்கட்டைகளைக் கொடுத்து, வண்டி தன் கால்களில் நிற்கும்படி இறக்கினோம். அவள் அடியில் போய் ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தினாள். கடைசிப் போல்ட் தளர்ந்தபோது வண்டி ஒரு முனகலோடு நன்றாகக் கீழே உட்கார்ந்தது. அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த நிலையிலேயே எல்லாவற்றையும் மறுபடி முடுக்கினாள். கட்டைகளை எடுத்து, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். இந்தத் தடவை டேப் எடுக்கவில்லை. உள்ளங்கையைச் சீட்டிலிருந்து நாற்காலி மெத்தைக்குத் தடவிக்கொண்டு போனாள். கை தடுக்காமல் போய் வந்தது.

"தள்ளி நில்லு."

நின்றேன். ஒரு கை, இன்னொரு கை, ஒரு மூச்சு. சீட்டில் இருந்தாள். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். நாற்காலியை மடித்து டிக்கியில் வைப்பது என் வேலை என்று குனிந்தேன். அதற்குள் அவள் நடுவில் இருந்த பித்தானை அழுத்தி நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பின் சீட்டுக்குக் கடத்திவிட்டாள். மிச்சமிருந்த சட்டத்தை நெஞ்சுக்கு மேலாகத் தூக்கிப் பக்கத்து சீட்டில் சாய்த்தாள். இதை எங்கே, எப்போது பழகினாள் என்று எனக்குத் தெரியாது. நான் அச்சகம் போயிருந்த நேரங்களில், கட்டிலோரத்தில், யாரும் பார்க்காமல் பழகியிருக்க வேண்டும். நெஞ்சு நிறைந்துவிட்டது, வயிறும் எரிந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நானும் ஏறலாம் என்று மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தேன். என் இடத்தில் நாற்காலி உட்கார்ந்திருந்தது.

"தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்றாள். "காலை எடு, ஏத்திடப் போறேன்."

கதவைச் சாத்தினேன். வண்டி தெருவில் இறங்கியது. வேகத்தடையில் தடக்கென்று குலுங்கியது, போல்ட் அண்ணன் சொன்னது சரிதான். தெருமுனையில் பிரேக் விளக்கு எரிந்தது. எங்கள் தெருவைச் சுற்றி வீட்டுக்கு வர அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கம் பெரிய சாலை.

கிரீஸ் கையை வேட்டியில் துடைக்கக்கூடத் தோன்றாமல் வாசலில் நின்று பார்த்தேன். வண்டியின் வலப்பக்க விளக்கு மினுங்கத் தொடங்கியது.