வலக்காதில் ஒதெத் வல்ரோஷ்

மடிக்கணினியில் படம் ஓடி நின்றதும் சிஞ்ஞோரா ஒர்த்தென்சியா, தன்னைப் பார்த்துக்கொள்கிற அகஸ்ரின் பக்கம் திரும்பி, "எப்பிடி இருக்கு, அகொஸ்தீனோ?" என்று கேட்டார். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை, குரலைப் பற்றித்தான் கேட்கிறார் என்று அவனுக்குத் தெரியும். எண்பத்தொன்பது வயதில் முதன்முறையாக அவருடைய தாயின் குரல் பலேர்மோவில் லிபெர்த்தா தெருவிலிருந்த வீட்டின் அந்த அறைக்குள் வந்து, ஒன்பது நிமிடம் நின்றுவிட்டுப் போயிருந்தது. அவருடைய காதில் விழுந்ததோ சட்டியில் மீன் பொரிகிற இரைச்சல் மட்டும்.

"இன்னொருக்கால் வடிவாக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன், சிஞ்ஞோரா" என்றான்.

காது போகும்போது மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அழைப்புமணி போனது. பிறகு ஜன்னலோரத்துக் குருவிகள். பிறகு பெண்களின் குரல்கள். காலையில் வந்து குளிப்பாட்டிவிடுகிற அகஸ்ரினின் மனைவி கிளறா எவ்வளவு கத்தினாலும், சிஞ்ஞோராவுக்கு அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாயசைக்கிற ஒருத்தி. வள்ளத்தில் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய அகஸ்ரினின் கட்டைக்குரல் மட்டும், வலக்காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துச் சொன்னால் விளங்கும். ஆறு வருடமாக டெலிவிஷன் செய்தியும், மருந்துக்கடைக்காரன் சொன்னதும், மிலானோவிலிருந்து பெறாமகன் எடுக்கிற டெலிபோனும் அந்த ஒரு சாணைக் கடந்துதான் அவரிடம் போய்ச் சேர்ந்தன.

தாயின் பெயர் ஒதெத் வல்ரோஷ். பிரெஞ்சுப் படங்கள் பேசத் தொடங்கிய நாட்களில், ஐந்து வருடத்துக்குள் ஏழு படம். அதற்கு முன் ஊமைப் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடிக்கொண்டிருந்தவள். பேசும் படம் வந்ததும் முன்வரிசை அழகிகள் பலர் வாயைத் திறந்ததோடு வீட்டுக்குப் போனார்கள். பின்வரிசையில் நின்ற இவளை முன்னுக்கு இழுத்து விட்டது குரல்தான். மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்துவைத்துப் படம் எடுத்த காலம். சாடியை விட்டு இரண்டடி தள்ளினால் பேச்சுப் போய்விடும், கொஞ்சம் பலமாக மூச்சு விட்டால் புயலடிக்கும். மற்றவர்கள் சாடிக்குப் பக்கத்தில் மரம்போல நிற்க, இவள் பூவை மணக்கிறவள்போலக் குனிந்து பேசிவிட்டுப் போவாளாம். நித்திரை விட்டு இப்போதுதான் எழும்பியவளின் குரல் என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஈர விறகின் புகை என்று இன்னொன்று. அந்தத் துண்டுகளை எல்லாம் சிஞ்ஞோரா ஒட்டிவைத்திருக்கிறார். அவற்றை வாசிப்பதற்காகவே பிரெஞ்சு படித்தவர். பலேர்மோவின் எலுமிச்சை வியாபாரி ஒருவரைக் கட்டி, நடிப்பை விட்டு இங்கே வந்த ஒதெத், மகளுக்கு இரண்டரை வயதாக இருக்கும்போது அடுத்த பிள்ளைப்பேற்றில் செத்துப்போனாள். தாயின் மணிக்கட்டில் இருந்த மச்சம் மகளுக்கு நினைவிருக்கிறது. குரல் இல்லை. ஏழு படத்தில் ஆறு எங்கேயும் இல்லை. ஏழாவதின் ஒரேயொரு சுருள், பிரான்சில் பூட்டிக்கிடந்த ஒரு தியேட்டரின் நிலவறையில் அகப்பட்டதென்று பெறாமகன் போன கிழமை அனுப்பியிருந்தான்.

அகஸ்ரினுடைய சங்கடம் வேறு. அவன் கேட்ட குரலில் புகையும் இல்லை, நித்திரையும் இல்லை. தகரப்பேணியில் நூல் கட்டிக் கதைக்கிற சிறுபிள்ளையின் கீச்சுக்குரல். எழுபது வருடமாகக் கடதாசியில் வாசித்த குரலுக்குக் காத்திருந்த மனுசியிடம் இதை எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை பின்னேரம் அவனுக்கு லீவு. பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருந்த வீட்டில் கிளறா கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் அமலினி மேசையில் பள்ளிக்கூட வேலையைப் பரப்பியிருந்தாள்.

"இதுக்கேன் இவ்வளவு யோசனை? புகை மாதிரித்தான் இருக்கெண்டு சொல்லிவிடுங்கோவன். மனுசி நிம்மதியா இருக்கும்" என்றாள் கிளறா.

"பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"நீங்கள் சொல்லாத பொய்யோ? கலியாணம் பேசேக்கை எட்டாம் வகுப்பு எண்டு சொன்னனீங்கள்."

அமலினி சிரித்தாள். அகஸ்ரினும் சிரித்தான். எட்டாம் வகுப்பு இல்லை, ஒன்றாம் வகுப்பும் இல்லை. பதினொரு வயதில் மன்னார்க் கடலில் சங்கு குளிக்க இறங்கியவன். அமலினிக்கு ஐந்து வயதானபோது கோயில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டுபோய், பின்வாங்கில் காவல் இருந்து, நாற்பத்தொரு வயதில் அவளோடு சேர்ந்து 'அ' எழுதினான். இத்தாலிய எழுத்து வராது, இன்றைக்கும் பஸ்ஸை நம்பரை வைத்துத்தான் பிடிப்பான். தமிழ் மட்டும் வரும். மெல்ல, விரல் வைத்து.

"அல்லோரா, அப்பிடியெண்டால், அப்பா" என்றாள் அமலினி. "அந்தக் குரல் அவவுக்குக் கேக்காது. உங்கடை குரல் கேக்கும்தானே. படத்திலை சொல்லுறதை நீங்கள் காதுக்குள்ளை சொல்லுங்கோ."

"பிரெஞ்சிலையோ?"

"நான் பள்ளிக்கூடத்திலை படிக்கிறன்தானே. எழுதித் தாறன்."

"எழுதினால் மனுசியே வாசிக்குமே. இவர் என்னத்துக்கு?" என்றாள் கிளறா.

"வாசிச்சது காணும் அவவுக்கு" என்றான் அகஸ்ரின். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தான். "நீ சொல்லு பிள்ளை. நான் என்ரை எழுத்திலை எழுதுறன்."

படத்தில் ஒதெத் ஒரு சின்ன விடுதி நடத்துகிற கைம்பெண். மழைக்குள்ளிருந்து ஒரு ஆள் வருகிறான். அமலினி படத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அகஸ்ரின் பென்சிலை அழுத்தி எழுதினான். வூ சாவே மான்ஷே. இல் ரெஸ்த் து லா சூப். அசெயே வூ. வோத்ர் மாந்தோ எ த்ராம்பே.

"கருத்து என்ன?"

"சாப்பிட்டாச்சோ? சூப் மிச்சம் இருக்கு. இருங்கோ. உங்கடை கோட் தெப்பலா நனைஞ்சிட்டுது."

கிளறா கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "இதைச் சொல்லவோ அவ பத்திரிகையிலை வந்தவ? நான் உங்கள் ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு நாளும் சொல்லுறன். ஒருத்தரும் படம் எடுக்கேல்லை."

எழுத்துகளைச் சொல்லாக்குவது அவனுக்குப் பழக்கமான கஷ்டம். எங்கே நிறுத்துவது, எங்கே தொடுப்பது என்றுதான் பிடிபடவில்லை. மகளின் டெலிபோனைக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டான். இருபதாவது தடவையோ முப்பதாவது தடவையோ, சொற்களை விட்டுவிட்டு இடைவெளிகளைக் கேட்கத் தொடங்கினான். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அவள் வாயால் ஒரு மூச்சு எடுத்தாள். இரண்டு பங்காக: முதலில் கொஞ்சம், பிறகு மிச்சம். பிறகு அடக்கம். வசனம் முடிந்து கொஞ்சம் கழித்துத்தான், திருடியதைத் திருப்பிக் கொடுக்கிறவள்போல, மூக்கால் மெல்ல விட்டாள். அகஸ்ரின் டெலிபோனைக் கீழே வைத்தான். அந்த மூச்சு அவனுக்குத் தெரியும். தண்ணீருக்குள் தலையைக் கொடுக்குமுன், வள்ளத்தில் நிற்பவர்களுக்குப் பயம் தெரியாமல், நெஞ்சை மெல்ல நிரப்புகிற மூச்சு. குரலைச் சுருக்கிப்போட்ட மெஷினால் இதைத் தொட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கிளறா குளிப்பாட்டித் தலைவாரிக் கதிரையில் இருத்தியபின், அவன் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளில் விரலை வைத்து, நான்கு வசனத்தையும் சிஞ்ஞோராவின் காதுக்குள் சொன்னான். வேர்த்தது. சிஞ்ஞோரா அசையாமல் கேட்டார்.

"அவ இப்பிடியோ சொல்லுறா?"

கிளறா கதவடியில் துவாயோடு நின்று, ஓம் என்று சொல்லும்படி தலையை ஆட்டினாள்.

"இல்லை, சிஞ்ஞோரா. என்ரை குரல் கட்டை. அவவின்ரை குரல் மெல்லிசு. சின்னப்பிள்ளையின்ரை மாதிரி." தாளிலிருந்து விரலை எடுத்து, "அதிலை புகை இல்லை" என்றான்.

சிஞ்ஞோராவின் விரல்கள் கதிரைக் கையைத் தடவிக்கொண்டிருந்தன. அவை நின்றன. "அப்ப பத்திரிகைக்காரர் எழுதினது பொய்யோ?"

"தெரியாது. மெஷின் விழுங்கிப்போட்டுது எண்டு மகள் சொல்லுறாள். ஆனால் ஒண்டு மிச்சம் கிடக்கு."

அவன் அந்த ஒரு சாணையும் விட்டுக்கொடுத்து, வாயைக் காதோடு கொண்டுபோனான். இரண்டு பங்காக மூச்சை எடுத்தான். காதோரத்து நரைமயிர் அவன் பக்கம் இழுபட்டு அசைந்தது. அடக்கினான். ஒதெத் வசனம் சொல்கிற நேரம் முழுவதும் சத்தமில்லாமல் இருந்தான். பிறகு மூக்கால் மெல்ல, சிஞ்ஞோராவின் காது மடலில் படும்படி விட்டான்.

"இன்னொருக்கால்" என்றார் சிஞ்ஞோரா. கண்ணை மூடியிருந்தார்.

இரண்டாம் முறை. மூன்றாம் முறை அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போதே சிஞ்ஞோரா பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நீளமாக, தாழ்ந்த குரலில், சொல்லிச் சொல்லி நிறுத்தி. கேள்வியோ முறைப்பாடோ தெரியவில்லை. அகஸ்ரின் தாளைப் பார்த்தான். அதற்கு மறுமொழி அதில் எழுதியிருக்கவில்லை. கிளறாவைப் பார்த்தான். அவள் துவாயை மடித்து, திரும்ப விரித்து, திரும்ப மடித்தாள்.

சிஞ்ஞோரா கண்ணைத் திறக்காமல், உடுப்புக்கு மேலால் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எப்போதும் அவன்தான் கழற்றிவிடுவான். உதவிக்குக் கையை நீட்டியபோது தட்டிவிட்டார். ஒரு கையை உருவி, மறுகையையும் உருவி, மழைக்குள்ளிருந்து வந்து நிலத்தில் சொட்டாமல் பார்த்துக்கொள்கிறவர்போல் தூக்கிப் பிடித்து அவனிடம் நீட்டினார். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். அகஸ்ரின் எழும்பி இரண்டு கையாலும் வாங்கினான். சட்டை காய்ந்து, உடம்புச் சூட்டோடு இருந்தது. அதை எங்கே கொழுவுவது என்று தெரியாமல், தன்மேல் படாதபடி கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான்.