பொலித்தீன் கழற்றாத படிகள்

பூட்டை உடைத்தது நான்தான். பொலிசில் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன், சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் எதற்காக உடைத்தேன் என்று பொலிஸ்காரர் கேட்கவில்லை. எங்கள் ஊர் சம்பூரிலும் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அருளம்பலம். வீட்டில் நான், மகள் நிவேதிகா, அவளுடைய மகன் திலக்சன். மருமகன் கட்டாருக்கு வேலைக்குப் போனவன்; போனது போனதுதான். மகளுக்கு மூதூரில் அரிசி ஆலையில் வேலை. பகல் முழுக்கப் பேரனைப் பார்ப்பது நான்.

அவன் மாதம் நிறையாமல் பிறந்தவன். இரண்டு வயது கடந்தும் நடக்கவில்லை. தவழுவான், அதுவும் சீமெந்துத் தரையில் மட்டும். மண்ணில் இறக்கினால் கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்துவான். புல்லிலும் அப்படித்தான், பாயிலும் அப்படித்தான். தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம். அவை அமுங்கி வழுக்கி, அவனையும் இழுத்துக்கொண்டு சரிந்தன.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒருத்தி எங்களை ஓர் அறைக்குள் கூட்டிப்போனாள். அங்கே பெரிய பெரிய ஸ்பொஞ் கட்டைகள், மேலே ரெக்சீன் தைத்துக் கிடந்தன. ஒன்று படி மாதிரி, ஒன்று சறுக்கு மாதிரி, ஒன்று மரக்குற்றி மாதிரி உருளை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதென்ன பிள்ளை, பணக்கார வீட்டுக் கதிரையைப் பிரிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு. இதில ஏறினா நடந்திடுவானோ?"

"ஓம் ஐயா. இதில ஏறலாம், உருளலாம், விழலாம். அப்பிடித்தான் இடுப்புக்கும் காலுக்கும் பலம் வரும். உள்ளங்காலில இருக்கிற கூச்சமும் மெல்ல மெல்லப் போகும். ஆனா ஒவ்வொரு நாளும் செய்யவேணும். மூன்று வயசுக்கு முந்தியே பழக்கினா நல்லம்."

ஒவ்வொரு நாளும் என்று சொல்வது லேசு. சம்பூரிலிருந்து பஸ் எடுத்து மூதூர், கிண்ணியா எல்லாம் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் பேரன் என் சாரத்தில் சத்தி எடுத்துவிடுவான். மாதம் ஒரு கிளினிக்குக்குப் போவதே பெரும்பாடு.

எங்கள் முன்பள்ளி ரீச்சர் சிவாஜினி இதைக் கேள்விப்பட்டு ஏதோ ஒரு நிறுவனத்துக்கு எழுதிப் போட்டாள். அவர்கள் கமெராவோடு வந்தார்கள். பிள்ளையைப் படம் எடுத்தால்தான் சாமான் வருமாம். நான் ஏலாது என்றேன். சண்டையில் ஊரை விட்டு ஓடின நாளிலிருந்து முகாமிலும் பாதையிலும் எங்களை எடுத்த படங்களை அடுக்கினால் இந்த வீட்டுக்கே கூரை போடலாம். நிவேதிகாதான் சம்மதித்தாள். என் பேரன் முன்பள்ளி விறாந்தையில் நாலு காலில் நிற்க, முன்னாலும் பின்னாலும் எடுத்தார்கள்.

ஆவணியில் லொறி வந்தது. நான் நினைத்தது பிழை, சாமான் உண்மையாகவே வந்துவிட்டது. நீலம், மஞ்சள், சிவப்பு. படி, சறுக்கு, உருளை எல்லாம் பொலித்தீன் சுற்றி, ரேப் ஒட்டி. நான் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எல்லாவற்றையும் முன்பள்ளிப் பின்னறையில் அடுக்கினார்கள். ஊர் அபிவிருத்திச் சங்கத் தலைவர் குணரத்தினம் கதவைப் பூட்டித் திறப்பைச் சேட்டுப் பைக்குள் போட்டார்.

"எப்ப திறப்பீங்கள்?" என்று கேட்டேன்.

"விழா வைக்கவேணும் அண்ணை. கொழும்பால பிரதம அதிதி வாறார். அவர் ரிப்பன் வெட்டினாப் பிறகுதான் பிள்ளையள் ஏறலாம்."

இது எங்கள் பக்கத்து வழக்கம். கிணறு வெட்டினாலும் தண்ணீர் அள்ள முதல் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டவேண்டும். புது மலசலகூடத்தைக்கூட விழா வரைக்கும் பூட்டி வைத்து, சனம் பற்றைக்குள் போனதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே காத்திருந்தேன். முன்பள்ளிச் சுவரில் பதாகை கட்டினார்கள். அதில் பிரதம அதிதியின் முகம் பெரிதாக, அதற்குக் கீழே என் பேரன் நாலு காலில்.

அதிதிக்கு வேறு கூட்டம் என்று விழா தள்ளிப் போனது. பிறகு அவருக்குச் சுகமில்லை. பிறகு மழை பிடித்துவிட்டது. கிளினிக்கில் அந்தப் பயிற்சிப் பிள்ளை ஒவ்வொரு முறையும் கேட்டாள், சாமான் வந்துவிட்டதா என்று. வந்துவிட்டது என்று சொன்னால் ஏன் ஏற்றவில்லை என்று கேட்பாள். நிவேதிகா தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் நான் குணரத்தினத்தின் வீட்டுக்கே போனேன். மனுசன் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குணம், படியை மட்டும் எடுத்துத் தா. பின்நேரம் கொண்டந்து வைக்கிறன்."

"அண்ணை, பொலித்தீன் கழட்டினா அவ்வளவுதான். மூத்திரம் போவாங்கள், கடிப்பாங்கள். அதிதி வரேக்க புதுசா இருக்கவேணும்."

"ஏன், அதிதி ஏறிச் சறுக்கப் போறாரோ?"

அவருடைய மனைவி குசினிக்குள் சிரித்தாள். குணரத்தினம் சிரிக்கவில்லை.

"பகிடி விடாதேங்க. ஊருக்குத் தண்ணித் தாங்கி ஒண்டு தாறன் எண்டு அந்தாள் சொல்லியிருக்கிறார். இந்த விழாவில முகம் சுழிச்சார் எண்டா அதுவும் போச்சு. உங்கட ஒரு பிள்ளைக்காக முழு ஊரும் உப்புத் தண்ணி குடிக்கிறதோ?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்புத்தான், என் வீட்டிலும். ஆனால் தாங்கி அடுத்த வருடமும் கட்டலாம். பேரனுக்கு மாசியில் மூன்று வயது.

மார்கழிப் பௌர்ணமிப் போயா நாளில் முன்பள்ளி லீவு. மகள் வேலைக்குப் போய்விட்டாள். மழை விட்டு வெயில் எறித்தது. நான் பேரனைத் தோளில் ஏற்றி, இரும்பு அலவாங்கைக் கையில் எடுத்துக்கொண்டு றோட்டால் நடந்தேன். கடைக்கு முன்னால் நின்ற கடைக்காரன், "என்னப்பு, தேங்காய் உரிக்கப் போறியளோ?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். முன்பள்ளிப் பின்னறைப் பூட்டு ஒரே நெம்பில் கழன்றது.

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. கூரை ஒழுகி, தண்ணீர் பொலித்தீனுக்குள் இறங்கி, காய வழியில்லாமல் நின்றிருக்கிறது. கீழே கிடந்த உருளை முழுக்கவும் சறுக்கின் அடிப்பக்கமும் கறுத்துப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. மேலே வைத்த படி மட்டும் முழுதாகத் தப்பியிருந்தது. அதை விறாந்தைக்கு இழுத்துவந்து பொலித்தீனைக் கிழித்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், மணந்து பார்த்தேன். சுத்தம்.

பேரனை முன்னால் விட்டேன். முதலில் விரலால் குத்தினான். குத்தின இடம் குழிந்து திரும்ப எழும்பியதும் என்னைப் பார்த்தான். பிறகு விளிம்பைக் கடித்தான். அவனைத் தூக்கி உள்ளங்காலை ரெக்சீனில் வைத்தேன். கால் மடங்கியது. திரும்ப வைத்தேன். மடங்கவில்லை.

முழங்காலைத் தூக்கி முதல் படியில் போட்டான், சரிந்து மல்லாக்க விழுந்தான். விழுந்த பக்கத்தில் சறுக்கை நல்ல பக்கம் மேலே தெரியப் போட்டிருந்தேன். அழுவதற்கு வாயைத் திறந்தவன், நோகவில்லை என்று கண்டு வாயை மூடினான். திரும்ப ஏறினான், விழுந்தான், சிரித்தான். வேண்டுமென்றே விழுந்தான். கடைசியில் மேல் படியில் இரண்டு காலையும் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் நின்று நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

சிவாஜினி ரீச்சர் ஓடிவந்தாள். கடைக்காரன் சொல்லியிருக்கவேண்டும்.

"அப்பு, என்ன வேலை செய்துபோட்டீங்கள்! நானெல்லோ சாமானுக்குக் கையெழுத்து வைச்சனான்." பிறகு அவனைப் பார்த்துக் குரல் இறங்கியது. "இவன்... தானாவோ ஏறினவன்?"

"நான் தொடயில்லை."

கண்ணைத் துடைத்தாள். அதற்குள் குணரத்தினம் வந்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் என் மார்பில் கைவைத்துத் தள்ளினார்.

"கிழடு பொலித்தீனைக் கிழிச்சதாலதான் தண்ணி உள்ள போனது!"

"இண்டைக்குக் கிழிச்சதுக்கு இண்டைக்கே பூஞ்சணம் பிடிக்குமோடா?"

பொலிசிலும் குணரத்தினம் அதே கதையைத்தான் சொன்னார். ரீச்சருக்கு எல்லாம் தெரியும். வேலை போய்விடும் என்று வாய் திறக்கவில்லை. நிறுவனக்காரர் வந்து பூஞ்சணத்தைப் படம் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பு வரும் என்று சொல்லி, நல்ல படியையும் சேர்த்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் படியை மட்டும் தாருங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன். இந்த வயதில் நான் கும்பிட்டது அவர்களைத்தான். முன்பள்ளியின் பேரிலே பதிந்த சாமானைத் தனியாளுக்குக் கொடுக்க முடியாதாம். விழா நடக்கவில்லை. தாங்கியும் வரவில்லை. ஊர்க் கிணற்றடியில் நிவேதிகாவுக்கு இடம் விடமாட்டார்கள் இப்போது.

"ஒரு நாள் ஏத்திறதுக்காக எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்கள் அப்பா" என்றாள்.

"விழா வரைக்கும் விட்டிருந்தா எல்லாம் அழுகியிருக்கும்" என்றேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. லொறி போன அதே கிழமை, நான் அடுப்பில் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்க, பேரன் தவழ்ந்துபோய் வாசல் படியில் ஏறியிருக்கிறான். எங்கள் வாசல் படி சீமெந்து. பானையை விட்டு நான் திரும்பியபோது அவன் மேல் படியில் நின்றான். யாரும் பிடிக்கவில்லை, சுவரும் இல்லை, தானாக நின்றான். என்னைக் கண்டு சிரித்தான். சிரித்தபடியே, முன்பள்ளியில் விழுந்த மாதிரி, கையை விரித்துக்கொண்டு மல்லாக்கச் சரிந்தான். நான் போய்ச் சேரவில்லை.

மூதூர் ஆஸ்பத்திரியில் பின்தலையில் தையல் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றும் இல்லைத்தான்.

மாசியில் மூன்று வயது முடிந்தது. இப்போது அவன் தவழுவதும் இல்லை. வைத்த இடத்தில் இருப்பான். நிற்க வைக்கத் தூக்கினால் இரண்டு கையாலும் என் கழுத்தை இறுக்கிக்கொள்கிறான், மூச்சு முட்டும் அளவுக்கு. ஒவ்வொரு நாளும் காலையில் வாசலுக்குக் கொண்டுபோய்க் கையை மெல்லக் கழற்றப் பார்க்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன். விடவில்லை.