வந்து சேரும் நேரம்

குவாண்டம் கணினி வேலைக்குச் சேர்ந்த முதல் செவ்வாய்க்கிழமை, ஏழு நாற்பது ரயில் மூன்று நடைமேடைகளிலும் ஒரே சமயத்தில் வந்து நின்றது. மூன்றிலும் கதவு திறந்தது, மூன்றிலும் ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். நிலைய அதிகாரி ஒலிபெருக்கியை எடுத்து, "ஏழு நாப்பது எந்தப் பிளாட்பாரம்?" என்று கட்டுப்பாட்டு அறையைக் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் ரயில் இரண்டாவதில் நிலைத்தது. மற்ற இரண்டும் வெந்நீர் ஆவி மாதிரி கலைந்துபோயின. அவற்றில் ஏறியிருந்தவர்கள் இரண்டாவது நடைமேடை ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள், சிலருக்கு ஜன்னலோரம்கூடக் கிடைத்திருந்தது. ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டது. கால தாமதம் அடியோடு ஒழிந்ததால் யாரும் புகார் எழுதவில்லை.

அந்த இயந்திரத்தை அலுவலகத்தில் பெரியவர் என்றுதான் சொன்னார்கள். இரண்டாம் மாடியில், ஆள் உயரப் பீப்பாய்க்குள், உலகத்தில் வேறெங்கும் இல்லாத குளிரில் பெரியவர் இருந்தார். சாதாரணக் கணினி ஒரு வழியைப் பார்த்துவிட்டு அடுத்த வழிக்குப் போகும். பெரியவர் முன்னூற்றுப் பன்னிரண்டு ரயில்களும் போகக்கூடிய எல்லா வழிகளையும் ஒன்றாகப் பிடித்துவைத்து, கேட்கும்போது ஒன்றில் வந்து நிற்பார். ரயில்களும் அவரைப் பார்த்து அப்படியே கற்றுக்கொண்டுவிட்டன, அவ்வளவுதான்.

பெரியவர் வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அந்த அட்டவணையைப் போட்டவள் நிமிஷக்கா. யார் எது கேட்டாலும் நிமிஷக் கணக்கில் பதில் சொல்வதால் வந்த பெயர் அது. பெரியவரைக் கொண்டுவந்த பொறியாளர் அவளுடைய தம்பி. அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். "அக்கா, உன் தலையில இருக்கிறத மொத்தமா குடு. பெரியவருக்கு விதியெல்லாம் சொல்லணும்" என்று அவன் கேட்டபோது, எட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்தக் கைகாட்டி மழையில் மக்கர் பண்ணும், எந்த மேட்டில் சரக்கு வண்டி மூச்சு வாங்கும், எல்லாம். ஓட்டுநர்களுக்கு இரண்டு ஓட்டத்துக்கு நடுவே பத்து மணி நேரம் சொந்த வீட்டில் ஓய்வு வேண்டும் என்ற விதியை அவள்தான் சண்டை போட்டு முதலிடத்தில் வைத்தாள். அவள் கணவரும் ஓட்டுநர்.

கணவருக்கு எடை குறைய ஆரம்பித்தது பெரியவர் வேலைக்கு வந்த பிறகுதான். ஆள் பார்க்க அப்படியேதான் இருந்தார். ஆனால் அவர் படுத்தால் கட்டில் கிறீச்சிடவில்லை. தேநீரில் பாதிதான் குடித்தார், சிரிப்பில் பாதிதான் சிரித்தார். மருத்துவர் எடை பார்த்தார். முப்பத்தாறு கிலோ காட்டியது. "அலைச்சல்தான், நல்லா தூங்கச் சொல்லுங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிமிஷக்கா மூன்று வேளையும் பக்கத்தில் இருந்து விழுங்க வைத்தாள். எங்கே போனீர்கள் என்று அவள் அவரை ஒருநாளும் கேட்டதில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதைத்தான் அவளே எழுதி வைத்திருக்கிறாளே.

பெரியவர் வந்த பதினான்காவது மாதம், ஓய்வு நேரங்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு வந்தது. கணவருடைய எண்ணுக்கு எதிரே வீடு ஒன்று, வீடு இரண்டு என்று இரண்டு முகவரிகள் இருந்தன. இரண்டிலும் வந்து சேரும் நேரம் ஆறு ஐம்பத்தைந்து. முதலாவது அவள் வீடு. இரண்டாவது ஆற்றுக்கு அந்தப்பக்கம், ஒரு பெண்ணின் பெயரில். பெரியவருக்கு அதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை, இரண்டையும் நிறைவேற்றியிருந்தார். பதிவேற்றியவர் என்ற இடத்தில் தம்பியின் கையெழுத்து இருந்தது. 'அ' எழுத்தின் சுழியை அவன் இன்னும் அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் போட்டிருந்தான்.

அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனாள்.

"உனக்கு எப்பருந்துடா தெரியும்?"

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "ஆரம்பத்திலேர்ந்து. மாமாதான் கெஞ்சிக் கேட்டாரு."

"என்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"நீ தெரிஞ்சுக்கிட்டு அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டா, மாமா ஏதாவது ஒரு வீட்டுலதான் நிப்பாரு, அக்கா. எந்த வீடுன்னு என்னால கணக்குப் போட முடியல. உன் வீடா இல்லாமப் போயிட்டா? அதான்... உனக்காகத்தான்."

"எனக்காக," என்றாள் நிமிஷக்கா. அந்தச் சொல் வாயில் கல் மாதிரி கிடந்தது. கணவர் பொய் சொன்னது வலித்தது. ஆனால் அந்தப் பொய் நேரம் தவறாமல் ஓடுவதற்கு, எட்டு மாதம் அவள் வாயாலேயே விதி விதியாகச் சொல்லவைத்து வாங்கிக்கொண்டு போனானே தம்பி, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் கணவரிடம் எதையும் கேட்கவில்லை. தன் மேசைக்குத் திரும்பி, இறுதி ஒப்புதல் அப்போதும் அவள் கையில் இருந்ததால், வீடு ஒன்று என்ற வரிசையைத் திறந்தாள். முகவரியைத் தொடவில்லை. வந்து சேரும் நேரத்தை மட்டும் அழித்துவிட்டு, கட்டத்தை வெறுமையாக விட்டு ஒப்புதல் கொடுத்தாள்.

அன்று மாலை ரயில் நேரத்துக்கு வந்தது. கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிலையத்திலிருந்து நடந்தார். தையல் கடையைத் தாண்டினார், மருந்துக் கடையை நெருங்கினார், நெருங்கிக்கொண்டே இருந்தார். அவள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். ஏழரைக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"இதோ வந்துட்டேன், இன்னும் ரெண்டே நிமிஷம்."

"வாங்க," என்றாள்.

மறுநாள் காலையில் தம்பி ஓடிவந்தான். "அக்கா, மாமா ரோட்லயே நடந்துக்கிட்டு இருக்காரு. நேரத்தப் போட்டுடு, அக்கா."

"உட்காருங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதான். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அவனை வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. அலுவலகத்தில் கோப்பு நீட்டும்போதும் சார்தான், அவன் கல்யாணத்தில் வாழ்த்தும்போதும் சார்தான்.

ஆற்றுக்கு அந்தப்பக்கத்துப் பெண் ஒரே ஒரு தடவை போன் செய்தாள். அவருக்கு எப்போதுமே எடை இவ்வளவுதானா என்று கேட்டாள். இல்லை, முன்பு எழுபத்திரண்டு இருந்தார் என்று நிமிஷக்கா சொன்னாள். அந்தச் சத்து மாத்திரையின் பெயரையும் சொல்லிவிட்டு வைத்தாள்.

பதினோரு வருஷமாயிற்று. மருந்துக் கடை கைமாறியது, தெருவுக்குப் புதுத் தார் போட்டார்கள். தார் போட்டவர்கள் அவர் நடக்கும் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் யாராவது ஒருவர் அவர் கையில் குடையைக் கொடுப்பார், "வீடு பக்கம்தான், எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வார். அந்தத் தெருவுக்குக் குடிவருபவர்களிடம் அக்கம்பக்கத்தார் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை வண்டி வரும் நேரத்தையும் சொல்கிறார்கள். மருந்துக் கடை அருகே ஒருவர் நடந்துகொண்டிருப்பார், வண்டியை அங்கே நிறுத்தாதீர்கள் என்றும் சொல்கிறார்கள்.