கறுப்பு உடுப்பின் அளவு

போனிசிலே இறந்து ஒரு வருஷம் முடிந்த சனிக்கிழமை காலை, அவன் மனைவி நோபந்து துக்கத்துக்காக வருஷம் முழுக்கப் போட்டிருந்த கறுப்பு உடுப்பைப் பெட்டிக்குள் அடியில் ஒளித்துவிட்டு, அதே மாதிரி தைத்த புதுசை மாட்டிக்கொண்டாள். துக்கம் கழிகிற நாளில் கறுப்பை எரித்தே ஆகவேண்டும். அவர்கள் ஊரான சென்டானேயில் அதற்கு மறுபேச்சில்லை. அவளுக்குத்தான் மனசு வரவில்லை. துணியும் மணியும் தகரமும் சேர்த்துத் தைத்துச் சுவரில் மாட்டுகிற கலைக்காரி. அடுத்த மாதம் கெபெர்ஹா நகரத்தில் கண்காட்சி. பழைய கம்பளிகளை ஒட்டுப்போட்டு ஆளுயரத்துக்குச் செய்த படைப்பின் நடுவே, அந்த உடுப்பை வைத்துத் தைக்க அதன் அளவுக்கு வெட்டியும் ஆயிற்று.

உடுப்பின் உள்மடிப்பில் வாரத்துக்கு ஒன்றாய்த் தைத்து வைத்திருந்தாள். அவன் ஓட்டிய பஸ்ஸின் டிக்கெட், சட்டைப் பித்தான், வெள்ளை மணிகள். யார் கண்ணிலும் படாமல் வருஷம் பூராவும் அவற்றைச் சுமந்து நடந்திருக்கிறாள். அதையா நெருப்பில் போடுவது?

கறுப்பைக் கழற்றி வாங்க நாத்தனார் நோமொண்டே வந்தாள். சடங்குக்குப் பியர் காய்ச்சிய கை புளிப்பாக மணத்தது. நோபந்துவின் முழங்கையைத் தடவியவள் அப்படியே நின்றாள்.

"அடுப்புப் பொறி பட்டு இங்க ஓட்டையாச்சே, நான்தானே ஒட்டுப்போட்டேன். அது எங்கடி?"

நோபந்து முழங்கையை இழுத்துக்கொண்டாள்.

"எரிக்கப்போற துணியா இது? கல்யாணத்துக்குப் போறாப்புல மொடமொடன்னு நிக்குது!"

நோபந்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியிலேயே அது அழுகையானது. "அதையும் நெருப்புல போட்டுட்டா எனக்குன்னு ஒண்ணுமே மிஞ்சாதுக்கா."

சண்டைதான் வரும் என்று நினைத்தாள். நோமொண்டே தன் சட்டைக் கையில் ஊக்கால் குத்தியிருந்த கறுப்புத் துணித் துண்டைக் கழற்றினாள். இரண்டு விரல் அகலம் இருக்கும்.

"கூடப்பொறந்தவளுக்கு இவ்வளவுதான் குடுத்தாங்க. இதையும் இன்னிக்குத்தான் எரிக்கணும். காலையிலேர்ந்து எடுக்கறேன், குத்தறேன். தனியாப் போட எனக்குக் கை வரலடி. நீயும் வா."

நோபந்து பெட்டியைத் திறந்தாள்.

மாட்டுப்பட்டிக்குப் பின்னால் பழைய உடுப்பும் அந்தத் துண்டும் சேர்ந்தே எரிந்தன. மணிகள் படபடவென்று வெடித்தன. நோமொண்டே அவள் கையை விடவே இல்லை.

சாப்பாடு முடிந்து, மாற்றுக் கறுப்பையும் கழற்றிவிட்டுப் பூப்போட்ட புது உடுப்பும் சிவப்புத் தலைத்துணியுமாக வந்த நோபந்து, காரிலிருந்த படைப்பை எடுத்துக் கொடியில் விரித்தாள்.

"நடுவுல இவ்வளவு பெரிய ஓட்டை! எதை வெச்சுடி அடைக்கப்போற?" என்றபடி மறுபக்கம் போனாள் நோமொண்டே.

"ஒண்ணும் வைக்கலக்கா. அப்படியே இருக்கட்டும்."

வெட்டிய இடத்தின் வழியே பட்டியும், மெலிந்துகொண்டிருந்த புகையும் தெரிந்தன. அதன் முன்னால் நோமொண்டே. அவள் சட்டைக் கையில் வெறும் ஊக்கு மட்டும் இன்னும் குத்தியிருந்தது.